பஞ்சுவின் மோதிர விரல்

என் தங்கை பஞ்சுவைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நாலாவதுக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. போகாததால் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. மெத்தப் படித்தவர்கள் என் பட்டறை வாசலில் வேலை கேட்டு நின்றிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய்களுக்கு மெருகு பூசும் பட்டறை அது. பித்தளைக் குழாய் மஞ்சளாக உள்ளே போகும், கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு வெளியே வரும். அமிலச் சட்டி தூக்கும் கூலியாக நுழைந்தவன், அதே பட்டறைக்கு முதலாளி ஆனேன். இந்த ஊரில் எவன் காலையில் எழுந்து பல் விளக்கப் போனாலும், நான் பளபளக்க வைத்த குழாயில்தான் தன் மூஞ்சியை முதலில் பார்க்கிறான். குழாய்க்காரர் வீடு எது என்று கேட்டால் நடக்கப் பழகும் பிள்ளைகூடக் கை நீட்டும்.

அப்பா போனபோது பஞ்சு தவழுகிற பிள்ளை. எனக்கும் அவளுக்கும் இருபது வயது வித்தியாசம். அண்ணனும் நான்தான், அப்பனும் நான்தான். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று வைத்தோம். அது அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. காது குத்திய வாரமே அவளுக்கு இரண்டு காதும் சீழ் வைத்துக்கொண்டன. தோட்டைக் கழற்றி அம்மா பஞ்சை வைத்தாள். ஆறியதும் வேறு தோடு போட்டோம், மறுபடியும் அதே கதை. காதில் பஞ்சோடு பள்ளிக்கூடம் போன பிள்ளையை மற்ற பிள்ளைகள் சும்மா விடுவார்களா? பஞ்சு என்றார்கள். நாங்களும் பஞ்சு என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

வளர வளரத்தான் தெரிந்தது, காது மட்டும் இல்லை என்று. கைக்கடிகாரம் கட்டினால் மணிக்கட்டில் அரிப்பு. பெல்ட் போட்டால் பக்கிள் படுகிற இடத்தில் கொப்புளம். சட்டைக் கொக்கி, பேன்ட் பொத்தான், மூக்குக்கண்ணாடிக் கம்பி, எது தோலில் பட்டாலும் சிவந்துவிடும். வீட்டுச் சாவியைக்கூடக் கைக்குட்டையால்தான் பிடிப்பாள். அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுகிறவள் இல்லை. துணி வாங்கியதும் முதல் காரியமாக இரும்புப் பொத்தான்களை வெட்டி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் பொத்தான் வைத்துத் தைப்பாள். அப்படியே தையல் கை வந்து, துணிகளைப் பிரித்துச் சுருக்கித் தைத்துக் கொடுக்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கத்தரிக்கோல் பிடியில் நாடா சுற்றியிருப்பாள். விரலுக்குத் தோல் உறை. குண்டூசியைக்கூட அதன் பிளாஸ்டிக் தலையைப் பிடித்துத்தான் எடுப்பாள். அந்தக் கடையில் அவள் உட்கார்ந்த நாற்காலியில் இருபது வருஷமாக வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. இந்த ஊரில் யார் இளைத்தார், யார் பெருத்தார் என்பது டாக்டர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு தடவை என் பேன்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடுப்புப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, இதுல இனிமே பிரிக்கத் துணி இல்ல. அடுத்த தடவ உன் வயித்தத்தான் பிரிக்கணும்."

"உழைச்ச வயிறுடி இது."

"அதான் ஓவர்டைம் பாத்திருக்கு போல."

இப்படிப்பட்ட வாய். ஆனால் கல்யாணப் பேச்சு எடுத்தால் அந்த வாய் மூடிக்கொள்ளும். நான் பார்க்காத வரனா? என் செல்வாக்குக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். கையையும் கழுத்தையும் பார்த்துவிட்டு, ஒட்டுவாரொட்டியாக இருக்குமோ என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மாள் பஞ்சுவின் இரண்டு கையையும் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அவர்கள் போனபிறகு பஞ்சு சொன்னாள்: "கத்தரிக்காய்ல புழு இருக்கான்னு பாக்குற மாதிரி பாக்குறாங்கண்ணா. இனிமே யாரையும் கூட்டிட்டு வராத." நான் கூட்டிவரவில்லை. நாற்பதைத் தாண்டிவிட்டாள்.

அப்புறம்தான் வேன்காரர் வந்தார்.

சலவைக் கம்பெனி ஒன்றின் வேனை ஓட்டுகிறவர். ஓட்டல் ஆட்களின் சீருடைகளைச் சலவையிலிருந்து எடுத்துவந்து, கிழிந்ததையும் அளவு சரியில்லாததையும் பஞ்சுவின் கடையில் இறக்கிவிட்டுப் போவார். துணிகள் கம்பி ஹேங்கரில் தொங்கும். பஞ்சு கையில் ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு வாங்கி மாட்டுவாள். அவர் ஏன் என்று கேட்டதில்லை. ஒரு நாள் பார்த்தால், பஞ்சுவின் கடைக்கு வருகிற துணிகள் மட்டும் பிளாஸ்டிக் ஹேங்கரில் தொங்கின. அதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சுவும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பேசாமலே பாதிக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள்.

மீதிப் பாதிக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஐம்பதை ஒட்டிய வயசு, மெலிந்த ஆள், சட்டை மட்டும் சலவைக்காரர் சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"சார், எனக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆச்சு. ஒரு நாள் அவ விரலப் பாத்தேன், நான் போட்ட மோதிரம் இல்ல. கேட்டதுக்கு, வேலைக்கு இடைஞ்சலா இருக்குன்னா. சரின்னு விட்டுட்டேன். ஒரு வருஷம் அந்த வெறும் விரலப் பாத்துக்கிட்டே சாப்ட்டேன் சார். அப்புறம் ஒரு நாள் அவளே இல்ல."

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு உங்ககிட்ட எதுவும் வேண்டாம். அவங்க கையில ஒரு மோதிரம் இருக்கணும். எப்பவும் இருக்கணும். சின்னப்புள்ளத்தனம்னு எனக்கே தெரியுது. தெரிஞ்சும் கேக்குறேன்."

பஞ்சுவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "உலகத்துல கேக்குறதுக்கு எவ்வளவோ இருக்கு, எனக்குன்னு வந்தவரு மோதிரத்தக் கேக்குறாரே!" சிரித்து ஓய்ந்ததும் இடது கையை விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆனா எனக்கும் போட்டுக்கணும்னு ஆசையா இருக்குண்ணா. அந்த மனுஷன் என் கையப் பாத்தா நிம்மதியா இருக்கணும்."

மோதிரம்தானே! நாற்பது வருஷம் உலோகத்தோடு படுத்து எழுந்தவன் நான். தொட்டே சொல்வேன் இது பித்தளையா, வெண்கலமா, கலப்படமா என்று. "கவலையை விடு, அண்ணன் பாத்துக்கிறேன்" என்றேன்.

நகைக்கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர். அவர் வீட்டுக் குழாய்களெல்லாம் என் பட்டறைச் சரக்கு. வெள்ளையாக மின்னும் மோதிரம் ஒன்றை வெல்வெட்டில் வைத்து நீட்டினார்.

"வெள்ளைத் தங்கம் முதலாளி. தங்கம்னா தங்கம்தான், உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது."

"தங்கம் மஞ்சளாத்தானே இருக்கும்? எதக் கலந்து வெள்ளையாக்குனீங்க?" என்று பஞ்சு கேட்டாள்.

"அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்மா."

"என் விரல யாரு பாத்துக்குவா?"

நான் அதட்டி வாங்கிப் போடவைத்தேன். மறுநாளே விரலைச் சுற்றிக் கொப்புளம், மோதிரத்துக்கு மேல் இன்னொரு மோதிரம் போட்டதுபோல. சரி, வெள்ளி என்றேன். கடையில் வாங்கிய வெள்ளி கறுக்காமல் இருக்க அதன் மேலும் ஏதோ பூசியிருந்தார்கள், அதுவும் போயிற்று. ஆபரேஷன் கத்தி செய்கிற எஃகு என்று ஒருவர் சத்தியம் பண்ணிக் கொடுத்தார். அந்தச் சத்தியமும் அரித்தது. ஒவ்வொன்றையும் வேறு வேறு விரலில் போட்டுப் பார்த்ததில் இரண்டு கையிலும் கட்டு.

"அண்ணா, இன்னும் கொஞ்சம் விரல்தான் பாக்கி இருக்கு. அப்புறம் கால்லதான் போட்டுப் பாக்கணும்" என்றாள் பஞ்சு. வேன்காரர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மோதிரம் கழலும்போதும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் உள்ளே போவதை நான் பார்த்தேன்.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனோம். சின்ன வயசு டாக்டரம்மா. பஞ்சுவின் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன மருந்து ஒட்டுகளை ஒட்டி அனுப்பினார். திரும்பப் போய் ஒட்டுகளைப் பிரித்தபோது எல்லா இடமும் சும்மா இருக்க, ஒரு கட்டம் மட்டும் தீயில் சுட்டதுபோலப் பொங்கியிருந்தது.

"நிக்கல்" என்றார் டாக்டரம்மா. "வெள்ளைத் தங்கத்துல, எஃகுல, மலிவு நகையில எல்லாம் இருக்கும். வீட்டுல யாராவது நிக்கல் சம்பந்தமான வேலை பாக்குறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "எங்க அண்ணன்தான் டாக்டர் இந்த ஊருக்கே நிக்கல் பூசுறவரு."

பெருமையாகத்தான் சொன்னாள். சத்தியமாகப் பெருமையாகத்தான் சொன்னாள். என் பட்டறையில் குழாய்க்குப் பளபளப்பு கொடுப்பது நிக்கல். என் வீட்டுச் செங்கல் ஒவ்வொன்றும் நிக்கல். அவளுக்குச் சோறு போட்டதும், புத்தகம் வாங்கிக் கொடுத்ததும் நிக்கல்.

"என்னாலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. சில பேரு தோல் அப்படி. காது குத்துன கம்மல்லயே ஆரம்பிச்சிருக்கும்." பிறகு பஞ்சு பக்கம் திரும்பினார். "மாறாது இது. ஒதுங்கித்தான் இருக்கணும். செம்பும் வெள்ளியும் மட்டும் கலந்த நல்ல தங்கம் போடலாம், பிளாட்டினம் போடலாம், டைட்டானியம் போடலாம். எதுவா இருந்தாலும் நிக்கல் இல்லன்னு உறுதியாத் தெரிஞ்சுக்கிட்டு போடுங்க."

மாறாது என்று யார் சொன்னாலும் அதுவரை நான் எதிர்த்துப் பேசாமல் வந்ததில்லை. அன்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

தங்கம் என்று முடிவு செய்தேன். தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் தங்கம் போடாமல் தகரமா போடுவான்? இந்தத் தடவை கடையை நம்பவில்லை. பொற்கொல்லர் ஒருவர் வீட்டுக்கே போய் உலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சொக்கத் தங்கம், துளி செம்பு, துளி வெள்ளி. என் கண் முன்னால் உருகி, என் கண் முன்னால் வளையமானது. பஞ்சு போட்டாள். மறுநாள் ஒன்றும் இல்லை. வாரம் ஆயிற்று, ஒன்றும் இல்லை. வேன்காரர் துணி இறக்க வந்தபோது அவள் கையை நீட்டிக் காட்டினாளாம். அவர் மோதிரத்தைப் பார்க்கவில்லை. அதைத் தள்ளிவிட்டு அடியில் இருந்த தோலைப் பார்த்தார். சிவப்பில்லை. கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார் என்று அந்தக் கடைக்காரி என்னிடம் வந்து சொன்னாள். பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கினோம்.

தேதிக்கு முன்னால் பஞ்சு சொன்னாள்: "உள்பக்கம் கொஞ்சம் பிசிறா இருக்குண்ணா. தைக்கும்போது நூல் மாட்டுது."

பிசிறு எடுக்க என் பட்டறையைவிட நல்ல இடம் உண்டா? மெருகு மேஸ்திரியிடம் கொடுத்தேன். முப்பது வருஷமாக என்னோடு இருக்கிறவர். அவர் கை பட்ட குழாயில் மீசை மயிரை எண்ணலாம். "நம்ம பஞ்சு கல்யாண மோதிரம்யா. பிசிறு எடுத்துக் குடு" என்று சொல்லிவிட்டு, வாசலில் வந்து நின்ற வியாபாரியிடம் பேசப் போனேன். சாயங்காலம் மேஸ்திரி மோதிரத்தை மெல்லிய தாளில் பொதிந்து கொண்டுவந்தார். சூரியனை அடைத்து வைத்ததுபோல இருந்தது.

"எந்தக் கடையில கேட்டாலும் இந்த மெருகு வராது முதலாளி."

"வராதுய்யா, வராது" என்று நானும் நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டுத்தான் அவளிடம் கொடுத்தேன்.

மறுநாளே அவளுக்கு அரித்திருக்கிறது. சொல்லவில்லை. ஒரு வாரம் ஒன்றும் செய்யாத மோதிரம் அல்லவா, அடங்கிவிடும் என்று நினைத்திருக்கிறாள். தேதி பக்கத்தில் வந்துவிட்டது. அந்த மனிதரின் சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. கையை மேசைக்கு அடியில் வைத்தே பேசினாள். ஒரு நாள் மத்தியானம் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் விரல் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்து, மேலே நுனி நீலம் பாய்ந்திருந்தது. சோப்பு போட்டார்கள், எண்ணெய் போட்டார்கள், நூல் சுற்றி இழுத்தார்கள். அசையவில்லை. துணி இறக்க வந்த வேன்காரர் எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய வேனிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின்னால் சீருடைகள் எல்லாம் ஆள் இல்லாத ஆட்கள்போல ஆடிக்கொண்டு வந்தன. நான் பஞ்சுவின் கையை மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. "இன்னும் வேகமா போ" என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் ஏற்கெனவே வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தார்.

நர்ஸம்மா சின்னப் பல்சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்தார். கையால் திருகினால் சுற்றும், மோதிரத்தை அறுக்கும். வேன்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்டார்:

"வேற வழியே இல்லையா சிஸ்டர்?"

"இருக்கே. விரல வெட்டலாம். எது வேணும்?"

பஞ்சுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சக்கரம் கிறுகிறுவென்று அறுத்தது. வேன்காரர் கண்ணை மூடவில்லை. மூடியிருந்தால் தேவலை என்று நினைத்தேன். டக்கென்று ஒரு சத்தம். வளையம் வாயைப் பிளந்தது. விரித்து எடுத்துத் தட்டில் போட்டார்கள்.

நான் அதைக் கையில் எடுத்தேன். அறுத்த இடத்தில் வெங்காயத் தோல்போல மெல்லிய ஏடு ஒன்று கிளம்பியிருந்தது. நகத்தால் நெம்பினேன். மேலே தங்க நிறம். அதன் அடியில் வெள்ளை. அதற்கும் அடியில்தான் நான் உருகப் பார்த்த தங்கம். அந்த வெள்ளையை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் நாக்கில் வைத்துச் சொல்வேன்.

பட்டறைக்குப் போனேன்.

"மேஸ்திரி, மோதிரத்த என்னய்யா பண்ண?"

"வழக்கமா பண்றதுதான் முதலாளி. பிசிறு எடுத்தேன். நம்ம வீட்டுப் புள்ளையாச்சே, சும்மா குடுக்கலாமான்னு நிக்கல்ல ஒரு முக்கு முக்குனேன். மேல தங்கத் தண்ணி. தங்கக் கலர் குழாய்க்குப் பண்ணுவோமே, அதேதான்."

"நிக்கல எதுக்குய்யா போட்ட?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அடியில நிக்கல் இல்லாம மேல எது முதலாளி புடிக்கும்? நம்ம பட்டறையில அது இல்லாம ஒரு சாமான் வெளிய போயிருக்கா?" போனதில்லை. அதுதான் எங்கள் பட்டறையின் பெயரே. பிறகு அவர் கேட்டார்: "தங்கச்சிக்குப் புடிச்சுதுங்களா?"

என் குரல் கேட்டால் அமிலத் தொட்டியே அலையடிக்கும் என்பார்கள். அன்று மேஸ்திரி காதுக்கு மட்டும், "புடிச்சுதுய்யா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேன்காரரிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். தங்கத்தின் மேல் தப்பில்லை, மெருகின் மேல்தான் தப்பு, வேறு மோதிரம் செய்துவிடலாம் என்றேன். ஆனால் டாக்டரம்மா கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார். தோல் இப்போது கொதித்துப்போய் இருக்கிறது, முழுக்க ஆறும்வரை எந்த விரலிலும் எந்த உலோகமும் கூடாது, எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாது. தேதியோ வந்துகொண்டிருந்தது.

"யார் மேலயும் தப்பு இல்ல சார்" என்றார் வேன்காரர். "ஆனா அறுத்து எடுத்தத நான் நின்னு பாத்துட்டேனே."

அதன்பிறகு பஞ்சுவின் கடைக்கு வேறு டிரைவர் துணி கொண்டுவந்தான். நான் அங்கே இருந்த அன்று கம்பி ஹேங்கரோடு கொத்தாக நீட்டினான். பஞ்சு கட்டுப்போட்ட கையின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு வாங்கி மாட்டினாள். ஒவ்வொன்றாக மாட்டினாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சலவைக் கம்பெனி முற்றத்துக்கு நானே போனேன். யார் வாசலுக்கும் போய் நிற்காதவன் நான். ஆவிக்கு நடுவில் அவர் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பிளாட்டினம் வாங்குறேன். எங்க கெடைக்குதோ அங்க போய் வாங்குறேன். ஆறட்டும், போட்டுடலாம். என்ன வேணும்னு சொல்லு."

"சார், வாங்குற விஷயமா இருந்தா நானே வாங்கியிருப்பேனே." மூட்டையைக் கீழே வைத்தார். "பஞ்சு அப்படிப்பட்டவங்க இல்லன்னு மண்டைக்கு நல்லாத் தெரியுது. நெஞ்சுதான் கேக்க மாட்டேங்குது. வெறும் விரல் பக்கத்துல உக்காந்து மறுபடி சாப்பிட முடியுமான்னு தெரியல."

பட்டறையில் வேலை நிறுத்தம் வந்தபோது பேசித் தீர்த்தவன். தீப்பிடித்தபோது புகைக்குள் புகுந்து ஆளை இழுத்தவன். அந்த முற்றத்தில் மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்து வண்டியில் ஏற்றிக் கொடுத்தேன். அதுதான் என்னால் முடிந்தது. வந்துவிட்டேன்.

பஞ்சுதான் போனாள். நான் போனதையும் வெறும் கையோடு வந்ததையும் கேள்விப்பட்டு, கடையில் பாதித் தையலை வைத்துவிட்டுப் போனாளாம். முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் விரல் கட்டைப் பிரித்து அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டியிருக்கிறாள். விரலைச் சுற்றிக் கருவளையமாகத் தோல் வெந்து கிடந்தது.

"இதப் பாருங்க. இதக் கழட்டி எங்கயாவது வச்சுட்டுப் போக முடியுமா?"

அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆறிடுமே" என்றாராம்.

"ஆறட்டும். ஆறுனா வேற போட்டுப் பாப்போம். அதுவும் போனா அதுக்கப்புறம் பாப்போம். என் தோலுக்கு நான் ஜாமீன் குடுக்க முடியாது. எனக்கு மட்டுந்தான் குடுக்க முடியும். வர்றீங்களா, வரலையா? பேன்ட் ஒண்ணு பாதியில கிடக்கு, நான் போகணும்."

வந்தார். பதிவு அலுவலகத்தில் அதிகாரி, "மோதிரம் மாத்திக்கிறதுன்னா மாத்திக்கலாம்" என்றார். பஞ்சு அவருக்குப் போட்டாள். அவர் அவளுடைய கட்டுப்போட்ட விரலைப் பிடித்தார். அழுத்தினால் வலிக்குமே என்று பயந்து விட்டுவிட்டார். அதிகாரி அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார். நான் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோல் ஆறப் பல மாதம் ஆயிற்று. பிறகு டைட்டானியத்தில் ஒன்றை பஞ்சு தானே போய்ப் பார்த்து வாங்கினாள். என்னைக் கூப்பிடவில்லை. சாம்பல் நிறம், கனமே இல்லை, குழாய் வாஷர் மாதிரி இருக்கிறது. மெருகு போடட்டுமா என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். புருஷனும் பொண்டாட்டியும் ஒன்றாக "வேண்டாம்!" என்று கத்தினார்கள்.

ஆனாலும் முழுசாக நிம்மதி இல்லை. மோதிரத்துக்கு அடியில் ஒரு சிவப்பு வருகிறது, போகிறது. டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். "உலோகமா இருக்காது. அடியில தங்குற சோப்புத் தண்ணியா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். கை கழுவும்போதெல்லாம் கழட்டிடுங்க, ஈரம் போகத் துடைச்சுட்டுப் போடுங்க" என்றார். வேன்காரரைப் பார்த்து யாரும் சொல்லக்கூடாத யோசனை அதுதான். சொல்லிவிட்டார்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் இப்போதெல்லாம் தங்கையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விரலைத்தான் பார்க்கிறேன். போன வாரமும் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் பஞ்சு பாத்திரம் கழுவ எழுந்தாள். தொட்டிக்கு முன்னால் நின்று கையைப் பின்பக்கமாக நீட்டினாள்.

"கழட்டுங்க."

மாப்பிள்ளை எழுந்து போய்க் கழற்றினார். தானாக அவள் ஒருபோதும் கழற்றுவதில்லையாம். அவர் வீட்டில் இல்லாவிட்டால் பாத்திரம் அப்படியே கிடக்குமாம். மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"மாப்ள, சுவத்துல மாட்டி வைக்க ஒரு கொக்கி செஞ்சு தரவா? நம்ம பட்டறையில அரை நாள் வேலை."

"வேண்டாம் மச்சான்" என்றார் திரும்பாமலே. "கீழ வைக்க முடியல."

அந்தச் சிவப்பு அன்றைக்கும் இருந்தது. போன தடவையைவிடக் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பஞ்சு ஒவ்வொரு தட்டாகத் தேய்த்துக் கவிழ்த்தாள். அவள் கழுவி முடிக்கும்வரை அவர் மூடிய கையைத் திறக்கவில்லை.